பால் பல் சொல்லும் சாட்சி

நம் ஊரில் பிள்ளைக்கு முதல் பால் பல் விழுந்தால், அதைச் சாணி உருண்டைக்குள் பொதிந்து கூரை மேல் எறியச் சொல்வார்கள். ஓட்டு வீடெல்லாம் மாடி வீடாகி, ஒரு கை சாணிக்குத் தெருத்தெருவாக அலைய வேண்டிய காலம் வந்த பிறகும் பாட்டிமார் இதை விடுவதில்லை. 1970-களில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரை ஒட்டிய செல்சி, சோமர்வில் என்ற இரண்டு உழைப்பாளி ஊர்களில், அந்தப் பல்லைத் தனக்குத் தரும்படி ஒரு மருத்துவர் பிள்ளைகளிடம் கேட்டார். ஹெர்பர்ட் நீடில்மேன் என்பது அவர் பெயர். ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் விழுந்த பல்லைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து கொடுத்தார்கள். 2,146 பிள்ளைகளின் பற்கள் பரிசோதனைக்குப் போயின.

அவர் தேடியது ஈயத்தை. ரத்தத்தில் கலந்த ஈயம் சில வாரங்களில் இறங்கிவிடும். ஊசி போட்டுப் பார்த்தால் போன மாதக் கதைதான் தெரியும். பல்லில் படிந்தது படிந்ததுதான். அந்தப் பிள்ளைகள் எல்லோரும் வெளிப்பார்வைக்கு நன்றாக இருந்தவர்கள். யாருடைய பல்லில் எவ்வளவு ஈயம் என்பது ஆசிரியைகளுக்குத் தெரியாது. ‘கவனம் நிற்கிறதா, சொன்னதைச் செய்ய முடிகிறதா, ஒரு வேலையைத் தொடங்கினால் முடிக்கிறதா’ என்று மட்டும் அவர்களிடம் கேட்டார்கள். பல்லில் ஈயம் ஏற ஏற, ஆசிரியைகள் சொன்ன குறைகளும் படிப்படியாக ஏறிக்கொண்டே போயின. அறிவுத்திறன் தேர்விலும் அதே வித்தியாசம். 1979-இல் இந்த ஆய்வு வெளியானது. பின்னாளில் ஈயத் தொழிலுக்கு வேண்டியவர்கள் நீடில்மேன் மீது மோசடிப் புகார் எழுப்பி, விசாரணைக் கூண்டில் நிற்கவைத்தார்கள். புகார் நிற்கவில்லை. அதற்குள் பெட்ரோலிலிருந்து ஈயத்தை எடுக்கும் வேலை நடந்து முடிந்துகொண்டிருந்தது. 1970-களின் கடைசியில் அமெரிக்கக் குழந்தைகளின் ரத்தத்தில் டெசிலிட்டருக்குச் சராசரியாக 15 மைக்ரோகிராம் ஈயம் இருந்தது. இன்று அது 1 மைக்ரோகிராமுக்கும் கீழே.

ஆட்டிசம் பற்றிய கட்டுரையில் ஈயத்தை முதலில் சொல்வது ஏன் என்று வாசகர் கேட்கலாம். குழந்தையின் மூளையைச் சுற்றுப்புறத்தில் உள்ள எது கெடுக்கிறது என்ற கேள்வியைப் பொதுமக்கள் பணத்தில், பொறுமையாக, பயமில்லாமல் ஆராய்ந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஈயம்தான் கண்முன் இருக்கும் சான்று. ஆட்டிசத்தில் அதே கேள்வியைப் பெற்றோர்கள் முப்பது வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைத்ததெல்லாம் அரைகுறைப் பணமும் முழுப் பொய்களும். அமெரிக்கப் பெற்றோருக்கு நடந்த இந்த அநியாயத்தில் நமக்கும் பாடம் இருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

பிரிக் ஊர்ப் பட்டியல்

நியூ ஜெர்சி மாநிலத்தில் கடற்கரையோரம் பிரிக் என்று ஓர் ஊர். 1990-களின் பின்பாதியில், தங்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் ஆட்டிசம் என்று அறிந்த ஒரு தம்பதி, அக்கம்பக்கத்தில் இதே நிலையில் இன்னும் எத்தனை பிள்ளைகள் என்று எண்ண ஆரம்பித்தார்கள். பட்டியல் நீண்டது. ஊர் குடிக்கும் தண்ணீர் மெடிடிகாங்க் ஆற்றிலிருந்து வருகிறது. பக்கத்தில் பழைய குப்பைமேடு ஒன்றும் இருக்கிறது. சந்தேகம் வராமல் இருக்குமா? பட்டியலோடு அவர்கள் மாநில அதிகாரிகளிடம் போனார்கள். அங்கிருந்து விஷயம் மத்திய அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்துக்குப் போனது.

மையம் வந்து எண்ணியது. மூன்று வயது முதல் பத்து வயது வரை 60 பிள்ளைகள், ஆயிரத்துக்கு 6.7 பேர், அதாவது 150-க்கு ஒருவர். அன்று அது யாரும் கேள்விப்படாத எண்ணிக்கை. தண்ணீரையும் ஆற்றையும் குப்பைமேட்டையும் சோதித்தவர்கள், இவற்றைக் காரணமாகச் சொல்ல முடியவில்லை என்று அறிக்கை தந்தார்கள். ஆனால் அந்தத் தம்பதியின் பட்டியல் வீணாகவில்லை. நாடு முழுவதும் எண்ணிப் பார்க்க ஒரு நிரந்தர ஏற்பாடு வேண்டும் என்பது அரசுக்கு உறைத்தது. 2000-ஆம் ஆண்டுக்கான கணக்கு வெளிவந்தபோது, பிரிக் ஊரில் பயமுறுத்திய அதே 150-க்கு ஒருவர் என்ற எண்தான் எண்ணிய ஊர்களின் சராசரியாகவே இருந்தது. 2022-ஆம் ஆண்டுக் கணக்கில் அது 31-க்கு ஒருவர்.

இந்த ஏற்றத்தைப் பார்த்துப் பதறாதவர் இல்லை. கூடவே இதையும் பார்க்க வேண்டும்: 1994-இல் ஆட்டிசத்தின் வரையறையே அகலமானது. முன்பு ‘மந்தம்’, ‘பிடிவாதம்’, ‘தனி ரகம்’ என்று ஒதுக்கிய பிள்ளைகள் இன்று சரியான பெயரில் பதிவாகிறார்கள். சீக்கிரமே கண்டறிகிறார்கள். கறுப்பின, லத்தீன் குடும்பங்களின் பிள்ளைகளும் இப்போது கணக்கில் வருகிறார்கள். ஏற்றத்தின் பெரும்பகுதிக்கு இவையே விளக்கம். மிச்சம் ஏதாவது உண்டா, உண்டென்றால் எவ்வளவு என்பதுதான் ஆராய வேண்டிய கேள்வி. அதைக் கேட்ட பெற்றோரை ‘புலம்புகிறவர்கள்’ என்று தள்ளியது பெரும் பிழை.

ஏனென்றால் அந்தப் பெற்றோர் ஏற்கெனவே ஒருமுறை அவமானப்பட்டவர்கள். 1943-இல் லியோ கேனர் என்ற மருத்துவர் பதினோரு பிள்ளைகளை வைத்து ஆட்டிசத்தை விவரித்தார். அதற்குப் பிறகு இருபது வருடங்களுக்கு மேல், தாயின் பாசம் வறண்டதால்தான் பிள்ளை இப்படி ஆனது என்றே பெரிய டாக்டர்கள் சொன்னார்கள். பெற்ற வயிறு எப்படி எரிந்திருக்கும்! அதை உடைத்தவரும் ஒரு தகப்பன்தான். பெர்னார்ட் ரிம்லேண்ட் என்ற உளவியலாளர், தன் மகனுக்கு ஆட்டிசம் என்று தெரிந்ததும் கிடைத்ததையெல்லாம் படித்து, 1964-இல் ஒரு புத்தகம் எழுதினார். இது உடலில், மூளையில் உள்ள விஷயம், தாயின் குற்றம் இல்லை என்று நிறுவினார். மறு வருடமே பெற்றோரைத் திரட்டிச் சங்கம் அமைத்தார். ஆட்டிச ஆராய்ச்சிக்கு அமெரிக்க அரசு இன்று செலவிடும் ஒவ்வொரு டாலரின் பின்னாலும் அந்தச் சங்கமும், அதன் பிறகு வந்த சங்கங்களும், வாஷிங்டனில் எம்.பி.க்களின் அறை வாசலில் பிள்ளையின் போட்டோவோடு காத்திருந்த தாய்மாரும் இருக்கிறார்கள்.

சட்டத்தில் நின்ற எழுத்து, நிற்காத எழுத்து

2006-இல் அவர்களுக்கு ஒரு பெரிய வெற்றி வந்தது. ‘ஆட்டிசத்தை எதிர்த்துப் போரிடும் சட்டம்’ என்று பெயர். ஐந்து வருடங்களுக்கு ஏறத்தாழ 94 கோடி டாலர். செனட்டில் ஆகஸ்டில் எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறிய மசோதா, கீழவையில் மாதக்கணக்கில் முடங்கியது. முடக்கியவர் ஜோ பார்ட்டன். டெக்சாஸ் உறுப்பினர், எரிசக்தி மற்றும் வர்த்தகக் குழுவின் தலைவர். சுற்றுச்சூழல் காரணங்களை ஆராயத் தனி மையங்கள், அதற்கெனத் தனி நிதி என்று செனட் எழுதியிருந்த பகுதியை அவர் ஏற்கவில்லை. பேரம் நடந்தது. கடைசியில் நிறைவேறிய சட்டத்தில் சுற்றுச்சூழலையும் ஆராயலாம் என்ற வாசகம் இருந்தது. அதற்கென்று கட்டிவைத்த பணம் இல்லை. டிசம்பர் 19 அன்று அதிபர் புஷ் கையெழுத்திட்டார்.

‘ஆராயலாம்’ என்பதற்கும் ‘ஆராய வேண்டும், இந்தா பணம்’ என்பதற்கும் உள்ள தூரம் அரசு அலுவலகம் ஏறி இறங்கிய நம் எல்லோருக்கும் தெரியும். அரசாணை வந்திருக்கும், நிதி வந்திருக்காது. அமெரிக்காவிலும் சட்டத்தில் எழுதும் தொகை ஓர் அனுமதி மட்டுமே. ஒவ்வொரு வருடமும் தனி மசோதாவில் ஒதுக்கினால்தான் பணம் கைக்கு வரும். ஒதுக்கியதில் பெரும்பங்கு மூளையின் உயிரியலுக்கும் மரபணுவுக்கும் போனது. சுற்றுச்சூழலுக்குச் சிறு பங்கு. வளர்ந்து பெரியவர்களான ஆட்டிசம் உள்ளவர்களின் வாழ்க்கை பற்றிய ஆய்வுக்கு அதைவிடவும் குறைவு.

மரபணு ஆராய்ச்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2011-இல் கலிபோர்னியாவில் 192 இரட்டையர் ஜோடிகளை ஆராய்ந்தவர்கள், சூழலின் பங்கு பாதிக்கும் மேல் என்றார்கள். 2019-இல் ஐந்து நாடுகளின் 20 லட்சம் பேரைக் கணக்கில் எடுத்த ஆய்வு, பரம்பரையின் பங்கு சுமார் 80 சதவீதம் என்றது. பின்னதுதான் பெரிய ஆய்வு, எடை கூடியது. ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சூழல் என்று இந்த அறிவியல் சொல்வது காடு, மலை, ஆறு மட்டுமன்று. கர்ப்பத்தில் தாய்க்கு வந்த காய்ச்சல், விழுங்கிய மாத்திரை, தந்தையின் வயது, சத்துக்குறைவு, சுவாசித்த புகை எல்லாம் அதில் அடக்கம். மரபணுவை மாற்ற முடியாது. புகையை, மாத்திரையை, பூச்சிமருந்தை மாற்றலாம். பொதுப்பணத்துக்கு அங்கேதான் வேலை அதிகம்.

இன்னொரு பெரிய வாய்ப்பும் கைநழுவியது. 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ‘தேசியக் குழந்தைகள் ஆய்வு’ ஒன்று தொடங்க உத்தரவானது. ஒரு லட்சம் குழந்தைகளைக் கருவிலிருந்து 21 வயது வரை பின்தொடர்ந்து, அவர்கள் குடித்த தண்ணீர், வீட்டுத் தூசு, தாயின் ரத்தம் அனைத்தையும் சேமித்துவைக்கும் திட்டம். பதினான்கு வருடம், 100 கோடி டாலருக்கு மேல் செலவு. முன்னோட்டமாகச் சுமார் 5,000 குழந்தைகள் சேர்ந்ததோடு 2014 டிசம்பரில் அதை இழுத்து மூடினார்கள். நிர்வாகக் குழப்பம், மாறி மாறி வந்த வடிவங்கள், ஏறிக்கொண்டே போன செலவு என்று காரணங்கள் உண்மையானவைதான். ஆனால் 50 லட்சம் பேர் வசிக்கும் நார்வே, 1999-இல் தொடங்கிப் பத்து வருடத்துக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கர்ப்பங்களைப் பதிவு செய்து முடித்தது. கருத்தரிக்கும் சமயத்தில் ஃபோலிக் அமில மாத்திரை சாப்பிட்ட தாய்மாரின் பிள்ளைகளிடம் ஆட்டிசம் குறைவாகக் காணப்பட்டது என்று 2013-இல் வெளியான முக்கியமான தகவல் அந்தப் பதிவேட்டிலிருந்து வந்தது. நம் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தரும் மாத்திரைதான் அது.

காலியிடத்தில் புகுந்த பொய்

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் இல்லாதபோது, கேட்காத பதிலோடு ஒருவர் வந்து நிற்பார். 1998-இல் பிரிட்டனின் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் வெறும் 12 பிள்ளைகளை வைத்து, அம்மை தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் முடிச்சுப் போட்டார். 2010-இல் அந்தக் கட்டுரையை ‘லான்செட்’ இதழ் திரும்பப் பெற்றது. அவர் மருத்துவர் பதிவேட்டிலிருந்தே நீக்கப்பட்டார். டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைப் பின்தொடர்ந்து, 2019-இல், தொடர்பு இல்லை என்று காட்டினார்கள். வேறு சில தடுப்பூசிகளில் இருந்த பாதரசப் பொருளை அமெரிக்கா 2001-க்குள் குழந்தைகளின் வழக்கமான ஊசிகளிலிருந்து எடுத்துவிட்டது. ஆட்டிச எண்ணிக்கை அதற்குப் பிறகும் ஏறியது. இத்தனைக்கும் பிறகு அந்தப் பொய் சாகவில்லை.

இதில் என்னை உலுக்குவது வேறொரு செய்தி. ஆட்டிசத்துக்கான சூழல் காரணங்களில் முதன்முதலாகத் தெளிவாகத் தெரியவந்த ஒன்று ரூபெல்லா என்ற ஜெர்மன் அம்மை. 1964-65-இல் அமெரிக்காவில் அந்த அம்மை பரவியபோது சுமார் 20,000 குழந்தைகள் கருவிலேயே பாதிக்கப்பட்டுப் பிறந்தார்கள். ஸ்டெல்லா செஸ் என்ற மனநல மருத்துவர் அவர்களில் 243 பேரைப் பார்த்து, 18 பேரிடம் ஆட்டிசமோ அதன் சாயலோ இருப்பதை 1971-இல் எழுதினார். அந்தக் காலத்துக்கு அது மலைக்கவைக்கும் விகிதம். அந்த அம்மையைத் தடுப்பதே வேக்ஃபீல்ட் பழித்த அந்தத் தடுப்பூசிதான். அதாவது ஒரு வகை ஆட்டிசத்தை வராமல் தடுக்கும் ஊசியைப் பார்த்து, ஆட்டிசத்தைக் கொண்டுவருகிறது என்று பழி சுமத்தினார்கள்.

அந்தப் பழி கடல் தாண்டி நம் வீட்டுக்கும் வந்தது. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியது. ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரை ஒன்றரைக் கோடிக்கும் அதிகமான பிள்ளைகளுக்குப் போட வேண்டும். முதல் வாரத்திலேயே வாட்ஸ்அப்பில் வதந்தி கிளம்பியது. பள்ளிக்கூட வாசல்களில் தாய்மார் போனை நீட்டி, ‘இதைப் பாருங்க சார், எம் புள்ளைக்கு வேண்டாம்’ என்று கையெழுத்திட மறுத்ததை நான் நேரில் பார்த்தேன். அவர்கள் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. பிள்ளை மேல் உள்ள பயம் அது. முகாமின் கெடுவை அரசு நீட்டிக்க வேண்டி வந்தது. வீடு வீடாகப் போய்ப் பேசிய செவிலியர்களால்தான் அன்று நிலைமை தேறியது.

பெயரில் இருந்த போர்

பெற்றோர் பேசிக்கொண்டிருந்த அறைக்குள் ஆட்டிசம் உள்ளவர்களே வந்து பேசத் தொடங்கியதும் இதே காலத்தில்தான். 1993-இல் ஜிம் சின்க்ளேர் பெற்றோர் மாநாட்டில் அவர்களைப் பார்த்து, எங்களுக்காக ஒப்பாரி வைக்காதீர்கள் என்ற பொருளில் பேசினார். 2006-இல் ஏரி நீமன் போன்றவர்கள் ‘ஆட்டிசம் உள்ளோர் தற்சார்பு வலைப்பின்னல்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ‘எங்களை எதிர்த்துப் போரா?’ என்று அவர்கள் கேட்டதற்கு யாரிடமும் பதில் இல்லை. 2014-இல் சட்டத்தைப் புதுப்பித்தபோது ‘போர்’ என்ற சொல் போனது. 2024 டிசம்பரில் மீண்டும் புதுப்பித்தார்கள். ஐந்து வருடங்களுக்கு ஏறக்குறைய 200 கோடி டாலர்.

நம் அரசுக் காகிதங்களில் ‘புற உலகச் சிந்தனையற்ற’ என்று ஒரு தொடர் இன்னும் உலவுகிறது. ஆட்டிசம் உள்ள ஒரு பையனோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்தவர் இதை எழுதியிருக்க மாட்டார். மின்விசிறியின் சத்தம் மாறியதை நமக்கு முன்னால் கேட்பவன் அவன். அந்தத் தொடரை எடுத்துவிட வேண்டும்.

காரணம் தேடும் ஆராய்ச்சி எங்களை ஒழிப்பதற்கா என்று அவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. என் பதில்: நஞ்சைத் தேடுவதற்கு ஆட்டிசத்தைப் பூச்சாண்டியாகக் காட்டவே தேவையில்லை. எந்தக் குழந்தையின் மூளையிலும் ஈயம் இருக்கக் கூடாது, ஆட்டிசம் உள்ள குழந்தையின் மூளையிலும்தான்.

முதுகுப் பை சுமந்த தாய்மார்

அரைகுறைப் பணத்திலும் நல்ல வேலை நடந்தது. 1998 முதல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் தேசிய சுற்றுச்சூழல் சுகாதார அறிவியல் நிறுவனமும் சேர்ந்து குழந்தைகள் நல ஆய்வு மையங்களை நடத்தின. இருபது வருடங்களில் இருபத்துநான்கு மையங்கள், 30 கோடி டாலருக்கு மேல் செலவு. நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மையம் அவற்றில் ஒன்று. அதை நடத்தியவர் ஃபிரெடரிகா பெரேரா. ஹார்லெம், தெற்குப் பிராங்க்ஸ் பகுதிகளின் ஏழைக் குடியிருப்புகளில் இருந்த கர்ப்பிணிகளிடம் ஒரு முதுகுப் பையைக் கொடுத்தார்கள். உள்ளே காற்றை உறிஞ்சி வடிகட்டியில் பிடிக்கும் சின்ன இயந்திரம். மாடிப்படி ஏறும்போதும், சமைக்கும்போதும், பேருந்திலும் அதை இரண்டு நாள் சுமந்தார்கள். இரவில் கட்டிலருகே வைத்துக்கொண்டார்கள். அந்தத் தாய் சுவாசித்த அதே காற்று வடிகட்டியில் பதிந்தது.

கிட்டத்தட்ட எல்லோருடைய பையிலும் குளோர்பைரிபாஸ் இருந்தது. கரப்பான் பூச்சிக்கு அந்தக் கட்டடங்களில் அடித்த மருந்து. தொப்புள்கொடி ரத்தத்திலும் அது வந்தது. வீட்டுக்குள் இதைப் பயன்படுத்த முகமை 2000-இல் தடை கொண்டுவந்தது. 2001 டிசம்பரோடு விற்பனை நின்றது. நின்றவுடன் புதிதாகப் பிறந்த குழந்தைகளின் ரத்தத்தில் அளவு மளமளவென்று இறங்கியது. அதற்கு முன் பிறந்தவர்களில் அதிகம் ஏறியிருந்த குழந்தைகளுக்கு மூன்று வயதில் வளர்ச்சித் தாமதம், கவனக்குறைவு, ஆட்டிசத்தின் சாயல் கொண்ட நடத்தைகள் கூடுதலாக இருந்தன. ஏழு வயதில் நினைவாற்றல் தேர்வில் பின்தங்கினார்கள்.

நாட்டின் மறுகோடியில், கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் இர்வா ஹெர்ட்ஸ்-பிச்சியோட்டோ இன்னோர் ஆய்வை நடத்தினார். ஆட்டிசம் உள்ள மகன்களின் தந்தையர் சிலர் முன்னின்று 1998-இல் உருவாக்கிய நிறுவனம் அதற்கு இடம் கொடுத்தது. பணம் பெரும்பாலும் மத்திய அரசுடையது. கலிபோர்னியாவில் ஒரு நல்ல விதி உண்டு. 1990 முதல், வயலில் மருந்து அடிக்கும் ஒவ்வொருவரும் என்ன மருந்து, எவ்வளவு, எந்தத் தேதி, எந்தச் சதுர மைல் என்று அரசிடம் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவேட்டையும் சுமார் ஆயிரம் தாய்மாரின் கர்ப்பகால முகவரிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். குளோர்பைரிபாஸ் சேர்ந்த ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்து அடித்த வயல்களிலிருந்து ஏறத்தாழ ஒரு மைலுக்குள் குடியிருந்த தாய்மாரின் பிள்ளைகளுக்கு ஆட்டிச வாய்ப்பு சுமார் 60 சதவீதம் கூடுதல் என்று 2014-இல் வெளியிட்டார்கள். தொடர்பு என்பது வேறு, காரணம் என்பது வேறு. அதை ஆய்வாளர்களே சொன்னார்கள். தொடர்ந்து ஆராய வேண்டிய தடயம் இது. தடயத்தைத் தந்தது பெரிய இயந்திரம் எதுவும் இல்லை, ஒரு பதிவேடு.

நீடில்மேன் தொடங்கிய பல் ஆய்வும் நிற்கவில்லை. நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவக் கல்லூரியில் மணீஷ் அரோராவின் குழு பால் பல்லை லேசரால் வரி வரியாகச் சுரண்டிப் படிக்கிறது. மரத்தின் ஆண்டு வளையம் போலப் பல்லிலும் நாளுக்கு ஒரு படலம் படிகிறது. குழந்தை பிறந்த நாளில் அதில் ஒரு கோடே விழுந்துவிடும். கோட்டுக்கு அந்தப் பக்கம் கருவறை, இந்தப் பக்கம் தொட்டில். ஸ்வீடனின் இரட்டைக் குழந்தைகளின் பற்களை ஒப்பிட்டு, ஆட்டிசம் உள்ள குழந்தையின் பல்லில் சில மாதங்களில் ஈயம் கூடுதலாகவும் துத்தநாகம், மாங்கனீசு குறைவாகவும் இருந்ததை 2017-இல் காட்டினார்கள். சின்ன ஆய்வுதான். ஆனால் எந்த மாதத்தில் என்பதைச் சொல்ல முடிந்த முதல் வழிகளில் ஒன்று.

உரத்த குரலும் மூடிய கதவும்

வயலில் குளோர்பைரிபாஸைத் தடைசெய்யும் முடிவு 2017 மார்ச்சில் முகமையின் மேசையில் இருந்தது. புதிதாக வந்த தலைவர் ஸ்காட் ப்ரூட் அதைத் தள்ளுபடி செய்தார். நீதிமன்றம் கட்டாயப்படுத்தி 2021-இல் உணவுப் பயிர்களுக்குத் தடை வந்தது. 2023-இல் இன்னொரு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2019-இல் குழந்தைகள் ஆய்வு மையங்களுக்கான நிதியை முகமை நிறுத்திக்கொண்டது. இருபது வருடம் பழக்கிய குடும்பங்கள், உறைபெட்டியில் சேர்த்த ரத்தக் குப்பிகள், வாலிபப் பருவத்துக்கு வந்துவிட்ட பிள்ளைகள். கதிர் விடும் நேரத்தில் தண்ணீரை அடைத்ததுபோல ஆனது.

2025 ஏப்ரலில் சுகாதார அமைச்சர் ராபர்ட் எஃப். கென்னடி ஜூனியர், செப்டம்பருக்குள் ஆட்டிசத்தின் காரணம் தெரிந்துவிடும் என்று அறிவித்தார். சுற்றுச்சூழல் என்ற சொல்லை இவ்வளவு உரக்கச் சொன்ன அமைச்சர் அங்கே இதற்கு முன் இல்லை. ஆய்வுகளுக்கு 5 கோடி டாலரும் ஒதுக்கப்பட்டது. அதில் சில நல்ல ஆய்வுகள் இருக்கின்றன. ஆனால் அதே ஏப்ரலில், நோய்க் கட்டுப்பாட்டு மையத்தில் குழந்தைகளின் ஈய நஞ்சைக் கவனித்த பிரிவையே கலைத்தார்கள். மில்வாக்கி நகரின் பழைய பள்ளிக் கட்டடங்களில் ஈயப் பெயின்ட் உதிர்ந்துகொண்டிருந்தது; நகராட்சி உதவி கேட்டது; அனுப்ப ஆள் இல்லை என்று பதில் போனது. ஜூலையில் சுற்றுச்சூழல் முகமை தன் ஆராய்ச்சிப் பிரிவையே மூடுவதாக அறிவித்தது. செப்டம்பரில் அதிபர் டிரம்ப் கர்ப்பிணிகளைப் பார்த்து, பாராசிட்டமால் சாப்பிடாதீர்கள் என்றார். ஸ்வீடனில் ஏறத்தாழ 25 லட்சம் குழந்தைகளை ஆராய்ந்து, உடன்பிறந்தோரை ஒப்பிட்டுப் பார்த்ததில் அப்படித் தொடர்பே இல்லை என்று 2024-இல் வெளியாகியிருந்தது. காய்ச்சலை அடக்காமல் விட்டால் கருவுக்குத்தான் ஆபத்து.

பெற்றோரின் முப்பது வருடக் கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு, அதற்குப் பதில் தேடிய ஆய்வகங்களைப் பூட்டுவது கயமை. வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

நம் கையில் இருக்கும் பதிவேடு

இப்போது நம் வாசலுக்கு வருகிறேன். வீடு கட்ட வானம் தோண்டியதும் கரையான் மருந்து அடிப்பவர் வருவார். கேனைத் திறந்து பக்கெட் தண்ணீரில் ஊற்றினால் பால்போல வெளுக்கும். காட்டமான வாடை வரும். கையுறை இருக்காது, குச்சியால் கலக்குவார். அஸ்திவாரம் முழுக்க ஊற்றுவார். பல இடங்களில் அந்த மருந்து குளோர்பைரிபாஸ். கரையான் தடுப்புக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 6313-இல் அனுமதிக்கப்பட்டவற்றுள் அதுவும் ஒன்று. அமெரிக்கா புது வீட்டு அஸ்திவாரங்களில் இதை ஊற்றுவதை 2005-ஓடு நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் 2020-இல் முற்றாகத் தடை செய்தது. 2025 மே மாதம் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை நாடுகள், சில விலக்குகளோடு, ஒழிக்க வேண்டிய நஞ்சுகளின் பட்டியலில் இதைச் சேர்த்தன. தமிழ்நாடு அரசு தற்கொலைகளைத் தடுப்பதற்காகச் சில பூச்சிமருந்துகளை 60 நாள் நிறுத்திவைத்தபோது இதுவும் அதில் இருந்தது. நாள் முடிந்ததும் கடைக்குத் திரும்பிவிட்டது.

ஈயமும் நம்மைவிட்டுப் போகவில்லை. பெட்ரோலில் 2000-இல் போனது. பழைய பேட்டரியை உடைத்து உருக்கும் குடிசைப் பட்டறைகளில், மலிவான பெயின்டில், பாத்திரங்களில் இருக்கிறது. இந்தியாவில் 27 கோடிக்கும் அதிகமான குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் என்று யுனிசெஃப் 2020-இல் மதிப்பிட்டது. குழந்தைக்கு ரத்தத்தில் ஈயம் பார்க்கச் சொல்லும் டாக்டரை நம்மில் எத்தனை பேர் சந்தித்திருக்கிறோம்?

ஆனால் அமெரிக்காவிடம் இல்லாத ஒன்று தமிழ்நாட்டிடம் இருக்கிறது. இங்கே ஒரு பெண் கருவுற்றால் கிராம சுகாதாரச் செவிலியர் பதிவு செய்கிறார். பிக்மி என்ற கர்ப்பப் பதிவு எண்ணைத் தருகிறார். அந்த எண் இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் வாங்குவதே கஷ்டம். நார்வே ஒரு லட்சம் கர்ப்பங்களைப் பதிவு செய்து உலகத்துக்கே பாடம் சொன்னது. நாம் வருடந்தோறும் அதைப்போலப் பல மடங்கைப் பதிவு செய்துவிட்டு, தடுப்பூசி அட்டையோடு கதையை முடித்துக்கொள்கிறோம். இல்லாதது கலிபோர்னியாவின் இன்னொரு பதிவேடு: எந்த வயலில், எந்த நாளில், எந்த மருந்து, எவ்வளவு. வேளாண் துறை மனது வைத்து டெல்டாவில் இரண்டு வட்டாரங்களில், கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு வட்டாரத்தில் அதைத் தொடங்கலாம். பிக்மி எண்ணோடு இணைக்கலாம். விழும் பால் பல்லைத் தொடக்கப் பள்ளியில் வாங்கி, பெயரெழுதிய உறையில் போட்டுவைக்கலாம். இதற்குப் பெரிய பணம் ஆகாது. சட்டமன்றத்தில் சுகாதார மானியக் கோரிக்கை வரும்போது நம் உறுப்பினரிடம் இதைக் கேட்கச் சொல்லி எழுதுவோம்.

அதுவரை வாசகரிடம் இரண்டு வார்த்தை. வலிப்புக்காக வால்புரோயேட் மாத்திரை சாப்பிடும் பெண்கள் குழந்தைக்குத் திட்டமிடும் முன்பே டாக்டரைப் பாருங்கள். கருவிலிருக்கும் குழந்தைக்கு ஆட்டிச வாய்ப்பைக் கூட்டுவதாக உறுதியாகத் தெரிந்த மருந்துகளில் அது ஒன்று. தாமாக நிறுத்திவிடாதீர்கள், அது இன்னும் ஆபத்து. அடுத்தது, வீடு கட்டுகிறீர்கள் என்றால், கரையான் மருந்துக்காரர் பக்கெட்டில் ஊற்றும் முன் கேனை வாங்கி அதன் மேல் எழுதியிருக்கும் பெயரைப் படியுங்கள். குளோர்பைரிபாஸ் என்று இருந்தால், வேண்டாம் என்று சொல்லித் திருப்பி அனுப்புங்கள்.